ஆசானுக்கும் கட்டணம் உண்டு

பறை கற்க வீடியோ போதும் என்பதை நான் ஒப்பமாட்டேன். மாரமங்கலம் மாதிரியான சேர்வராயன் மலையூரில் பனி இறங்கினால் தோல் தொய்ந்துவிடும். சருகு மூட்டிக் காய்ச்ச வேண்டும். எவ்வளவு சூடு, எப்போது எடுப்பது என்பதைப் பக்கத்தில் நிற்கும் ஆசான்தான் தட்டிப் பார்த்துச் சொல்ல முடியும். இடக்கையில் நீண்ட சிண்டுக்குச்சி, வலக்கையில் குட்டையான அடிக்குச்சி. பிடி தவறினால் மணிக்கட்டைப் பிடித்துத் திருத்துவதும் அவர்தான். அலங்காநல்லூர்ப் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025-இல் பத்மஸ்ரீ அறிவித்தார்கள், மனம் குளிர்ந்தது. ஆனால் உள்ளூர் ஆசானிடம் இன்னமும் ‘சும்மா சொல்லிக்கொடுங்க’ என்றுதான் கேட்கிறோம். சாதி ஒதுக்கிவைத்த கருவி என்பதால்தானே இந்தத் துணிச்சல்? பிள்ளையின் கீபோர்டு வகுப்புக்குக் கட்டும் அதே தொகையை, மாதம் பிறந்ததும், அவர் கையிலும் கொடுங்கள்.