வழக்குரையும் குளிர்த்தியும்

சென்ற மாதம் இப்பகுதியில் ஒரு வினா விடுத்திருந்தோம். எழுத்தாளர் சுஜாதா 'என் இனிய இயந்திரா' என்னும் விஞ்ஞானப் புதினத்தை எழுதி முடித்த பின்னர், அதன் தொடர்ச்சியாக 'மீண்டும் ஜீனோ' என்னும் இரண்டாம் பாகத்தையும் எழுதினார். முதற்பாகத்துக்கு இரண்டாம் பாகம் ஈடாகுமா என்பதே எமது வினா. பரீட்சைக் காலமாதலால் இரண்டொரு விடைகள் வந்தாலே போதும் என்றிருந்தோம். வாவியின் இரு மருங்கிலுமிருந்து கடிதங்கள் வந்து குவிந்துவிட்டன. எழுவான்கரை ஒரு கட்சி, படுவான்கரை மறுகட்சி என்று பிரித்துவிடவும் இயலவில்லை. ஒரே வீட்டில் தாய் ஒரு பக்கமும் மகன் மறுபக்கமுமாக நின்று வாதிட்டிருக்கின்றனர். ஆகவே எமது கருத்தைக் கூறுமுன் அன்பர்களின் வழக்கை முறையாக எடுத்துரைப்பது கடமையாகின்றது.

நூல்களைப் படியாதோர் பொருட்டுச் சிறிது கூறுவோம். சுஜாதா என்ற பெயரில் எழுதிய ரங்கராஜன் (1935–2008) பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்திற் பணியாற்றிய பொறியியலாளர்; இந்தியாவின் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம் உருவான பணியிற் பங்கு கொண்டவர். வாக்களிக்கும் பொறியை ஆக்கும் பணியில் ஈடுபட்ட அவரே, வாக்குக்கு இடமில்லாத ஒரு நாட்டைக் கற்பனை செய்தார். 1980களில் ஆனந்த விகடனில் தொடராக வெளிவந்த அக்கதை, 2020களின் தொடக்கத்தில் நிகழ்வதாக அமைந்தது. அந்நாட்டை ஜீவா என்னும் தலைவர் ஆள்கின்றார். மக்களுக்கு இரண்டெழுத்துப் பெயர்தான் இருக்கலாம். பிள்ளை பெறுவதற்கும் அரசாங்கத்தின் அனுமதி வேண்டும். நிலா என்னும் இல்லத்தரசியின் கணவன் சிபி ஒருநாள் காணாமற் போகின்றான். அவனைத் தேடிப் புறப்படும் அவளுக்குத் துணையாக வருவது, புத்தகம் படிக்கவும் பகடி பேசவும் வல்ல ஜீனோ என்னும் இயந்திர நாய். அச்சமூட்டி ஆண்ட ஜீவா உயிருள்ள மனிதரே அல்லர், ஒளியாற் சமைத்த ஹொலோகிராம் பிம்பம் என்பது பின்னர் வெளியாகின்றது. இரண்டாம் பாகத்தில் நிலா அரசியாக வீற்றிருக்கின்றாள்; ஆயின் சூத்திரக் கயிறு ரவி, மனோ என்னும் இருவர் கையில். இதற்குமேற் கதையைக் கூறுவது, இனிப் படிக்கவிருப்போருக்குச் செய்யும் தீங்காகும்.

இனி, அன்பர்கள் கூறும் குறைகளைக் காண்போம்.

முதலாவது குறை வியப்புப் பற்றியது. "முதற்பாகத்தில் ஒவ்வொரு பக்கமும் புதுமை, இரண்டாவதில் அறிந்த வீட்டுக்குள் மறுபடி நுழைவது போலிருக்கின்றது" என எழுதுகின்றார் ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவர். இது நேர்மையான முறைப்பாடு. புது உலகொன்றை முதன்முறை காணும்போது உண்டாகும் திகைப்பு மறுமுறை உண்டாதல் அரிது. எந்த ஆசிரியராலும் ஒரே கதவை இருமுறை முதன்முதலாகத் திறந்து காட்ட முடியாது. ஆனால் அதனை இரண்டாம் பாகத்தின் குற்றமெனல் முறையாகுமா? வியப்பைத் தருவதல்லாமல் வேறொரு வேலை அதற்கு உண்டா என்பதையே நாம் நோக்க வேண்டும்.

இரண்டாவது குறை ஓட்டம் பற்றியது. துரத்தலும் ஒளிதலும் தப்புதலும் அளவுக்கு மிஞ்சி, அத்தியாயந்தோறும் ஒரு கண்டம் வந்து நிற்கின்றது என்று மாணவர் சிலர் குறைகூறியுள்ளனர். இதற்கு ஒரு காரணம் உண்டு. இது வாரந்தோறும் வெளிவந்த தொடர்கதை. அடுத்த இதழ் வரும் வரையில் வாசகரைக் காத்திருக்கச் செய்வது தொடர்கதையின் தொழில். அந்நாளில் எமது பகுதிக்கு இந்திய இதழ்கள் ஒழுங்காக வந்து சேர்வதில்லை. ஒரு வாரத்து இதழ் கையிலிருக்க அடுத்த வாரத்தது தவறிப்போகும். தொடரின் பக்கங்களைக் கிழித்தெடுத்து, ஊசியும் நூலுங்கொண்டு கட்டி, வீடு வீடாகக் கைமாற்றிய குடும்பங்கள் பல. அப்படிப் படித்தவர்களுக்கு அக்கண்டங்கள் தித்தித்தன. இன்று புத்தகமாக ஒரே மூச்சிற் படிப்பவருக்கு அவை மூச்சிரைப்பாகத் தோன்றுகின்றன. காரணம் இருப்பதனாற் குறை இல்லையென்று ஆகிவிடாது. நூலாக்கும்போது சற்றுக் குறைத்திருக்கலாம் என்பதே எமது எண்ணமும்.

மூன்றாவது குறை காலம் பற்றியது. "கதை சொன்ன ஆண்டும் வந்து போயிற்று, ஜீவாவும் இல்லை, ஜீனோவும் இல்லை, பொய்த்த சோதிடத்தை ஏன் படிக்க வேண்டும்?" எனக் கேட்கின்றார் ஒரு தந்தையார். விஞ்ஞானக் கதை பஞ்சாங்கம் அன்று. ஆயினும் பஞ்சாங்கமாகவே கொண்டாலும் அது முற்றாகப் பொய்க்கவில்லை. ஜப்பானின் சோனி நிறுவனம் ஐபோ என்னும் இயந்திர நாயை 1999இல் விற்பனைக்கு விட்டது. பழுதாகிய அத்தகைய நாய்களுக்கு அந்நாட்டுப் பௌத்தக் கோயிலொன்றில் ஈமச்சடங்கும் நடந்திருக்கின்றது. 'இயந்திரத்தின்மீது அன்பு வைப்பது நடவாத காரியம்' என்று ஜீனோவைப் பழிப்போர் இதனைச் சிந்திக்கலாம். 2014ஆம் ஆண்டு இந்தியப் பொதுத் தேர்தலில், ஓரிடத்திற் பேசிய தலைவரின் ஒளிப்பிம்பம் அதே நேரத்திற் பல ஊர் மேடைகளில் நின்று பேசியது. இன்றோ செயற்கை நுண்ணறிவின் துணையால், ஒருவர் சொல்லாததை அவர் முகமும் குரலுங்கொண்டே சொல்வித்துக் கைப்பேசியில் அனுப்பிவிடுகின்றனர். ஜீவாவின் பிம்பத்தை நமது பிள்ளைகள் கதையில் முன்னரே சந்தித்திருப்பது நன்றல்லவா?

இக்குறைகளுக்கு எதிரே நிற்கும் கட்சியில் பெண் வாசகர்கள் மிகுதி. வாழைச்சேனைப் பக்கத்திலிருந்து எழுதிய இல்லத்தரசி ஒருவரின் கடிதம் எம்மைப் பெரிதும் ஈர்த்தது. "முதற்பாகத்தில் நிலா அழுகின்றாள், தேடுகின்றாள், பிறர் சொற்படி நடக்கின்றாள். இரண்டாம் பாகத்தில் அவள் கேள்வி கேட்கப் பழகுகின்றாள். அடுப்படியிலிருந்து வந்தவள் அரியாசனத்தில் இருந்தும், தனக்கு அதிகாரம் இல்லை என்பதைத் தானே கண்டுபிடிக்கின்றாள். இதைவிட எனக்கு வேறு விஞ்ஞானம் வேண்டாம்" என்கின்றார் அவர். வழக்கின் உயிர்நிலை இங்கேதான் இருக்கின்றது.

முதற்பாகத்தின் வினா, 'இக்கொடிய ஆட்சியை எவ்வாறு வீழ்த்துவது?' என்பது. அவ்வினாவுக்குச் சினமும் துணிவும் போதும். இரண்டாம் பாகத்தின் வினா, 'வீழ்ந்தபின் யாது செய்வது?' என்பது. இதற்குப் பொறுமை வேண்டும். யார் நண்பர், யார் கயிற்றை இழுப்பவர் என்று பிரித்தறியும் கண் வேண்டும். பொய்த் தலைவன் போனமையால் மாத்திரம் மெய்யாட்சி வந்துவிடுவதில்லை. வெறுமையாகிய பீடத்தில் இன்னொரு பாவையை இருத்துவதற்கு ஆட்கள் காத்திருப்பார்கள். இவ்வுண்மை இனிமையானது அன்று. ஆகையாலேயே இரண்டாம் பாகம் முதற்பாகம் போல் இனிக்கவில்லை.

மட்டக்களப்பு மக்களுக்கு இதனை விளக்க வேறு நாட்டு உதாரணம் வேண்டுவதில்லை. வைகாசி மாதத்தில் தம்பிலுவில், செட்டிபாளையம் முதலிய ஊர்களின் கண்ணகி அம்மன் கோயில்களிற் சடங்கு நிகழ்கின்றது. கண்ணகி வழக்குரை பாடப்படும்போது, பாண்டியன் அவையில் நீதி கேட்ட அவளது சினம் ஊரை நடுங்கச் செய்யும். ஆயின் சினத்தோடு சடங்கை முடித்துவிட்டு ஊரார் வீடு திரும்புவதில்லை. இறுதியிற் குளிர்த்தி பாடி, அம்மனின் வெம்மையைத் தணித்து, ஊருக்கு மழையும் நலமும் வேண்டிய பின்னரே சடங்கு நிறைவுறும். வழக்குரை எத்துணை வேண்டுமோ அத்துணை குளிர்த்தியும் வேண்டும் என்பதை எமது முன்னோர் அறிந்திருந்தனர்.

இலக்கியத்திலும் இதுவே முறை. சிலப்பதிகாரத்தின் தொடர்ச்சியாக அமைந்தது மணிமேகலை. கண்ணகி மதுரையை எரித்தாள். அடுத்த தலைமுறையினளாகிய மாதவியின் மகள், அமுதசுரபியைக் கையிலேந்திப் பசித்தோருக்குச் சோறிட்டாள். அரசனிடம் வேண்டிச் சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கினாள். எரிக்கும் காட்சியை நாடகமாக நடித்தாற் கூட்டம் சேரும்; சோறிடும் காட்சிக்கு அத்துணைக் கூட்டம் சேராது. கண்ணகிக்குக் கோயில் கிடைத்தது. மணிமேகலைக்கு வகுப்பறை கிடைத்தது. எனினும் பசித்திருப்பவனைக் கேட்டால் எந்த நூல் உயர்ந்ததென்று அவன் வேறு விதமாகச் சொல்லக்கூடும்.

பிற நாட்டு விஞ்ஞானக் கதைகளும் இவ்வழக்கிற் சாட்சி கூறுகின்றன. அமெரிக்க எழுத்தாளர் பிராங்க் ஹேர்பேட் 1965இல் நூலாக வெளியிட்ட 'டியூன்' புதினத்தில், அநீதியை எதிர்த்தெழுந்த இளைஞன் ஒருவன் பேரரசனாகின்றான். வாசகர் அவனைக் கொண்டாடினர். 1969இல் வந்த இரண்டாம் பாகத்தில், அதே வீரனின் பெயரால் எண்ணிறந்தோர் கொல்லப்பட்டதை ஆசிரியர் எடுத்துக்காட்டினார். முதற்கதையைத் தம் இதழில் விருப்போடு வெளியிட்ட ஜோன் காம்பல் என்னும் பெயர்பெற்ற பத்திராதிபர், இரண்டாவதை ஏற்க மறுத்துவிட்டார். அது வேறோர் இதழில் வெளிவந்தது. வாசகர் பலரும் வெகுண்டனர். வீரரை வழிபடுவதன் ஆபத்தை உணர்த்தவே தாம் எழுதியதாக ஹேர்பேட் பின்னர் விளக்கம் கூற வேண்டியதாயிற்று. நிலாவின் முடிசூட்டை முதற்பாகத்தின் மங்கலமான முடிவென்று கருதி மகிழ்ந்து, இரண்டாம் பாகத்தைக் கண்டு முகஞ்சுளித்த நம்மவர் நிலையும் ஏறத்தாழ இதுவே.

நமது நாட்டிலேயே வாழ்ந்த ஆர்தர் சி. கிளார்க்கின் கதை வேறு வகையானது. 1956 முதல் இலங்கையைத் தம் இருப்பிடமாகக் கொண்ட அவர், 1968இல் '2001' என்னும் புதினத்தை வெளியிட்டார். அந்நூலில் விண்கலம் சனிக்கிரகத்துக்குச் சென்றது. அதே கதையின் திரைப்படத்தில் வியாழனுக்குச் சென்றது. 1982இல் '2010' என்னும் தொடர்ச்சியை எழுதியபோது, தமது நூலை விட்டுத் திரைப்படத்தின் வழியையே பின்பற்றினார். 1979இல் வொயேஜர் விண்கலங்கள் வியாழனின் துணைக்கோள்களைப் படம்பிடித்து அனுப்பிய புதுமைகள் அவருக்குப் பெருந்துணையாயின. பாகத்துக்குப் பாகம் விவரம் முரண்படுகின்றதே என்று குறைகூறுவோர் இருக்கலாம். அறிவு வளரும்போது கதையும் வளர்வதே விஞ்ஞானக் கதைக்கு இயல்பு என அவர் கருதினார். சுஜாதா 2008 பெப்ரவரி 27இலும் கிளார்க் அதே ஆண்டு மார்ச் 19இலும், மூன்று வார இடைவெளியில் மறைந்தனர் என்பதையும் இங்கு நினைவுகூர்கின்றோம்.

எனவே எமது கருத்து இது. கதையமைப்பிலும் கட்டிறுக்கத்திலும் முதற்பாகமே சிறந்தது; அதனை மறுப்பதற்கில்லை. ஆயின் இரண்டாம் பாகத்தை முதற்பாகத்தின் அளவுகோலால் அளப்பது, வழக்குரையின் ஆவேசத்தைக் குளிர்த்தியில் எதிர்பார்ப்பது போலாகும். 'மறுபடி வியந்தோமா?' என்று கேளாமல், 'முதற்பாகம் கேளாத எதனை இது கேட்கின்றது?' என்று கேட்க வேண்டும். அவ்வாறு கேட்டால் 'மீண்டும் ஜீனோ' வெறுங்கையோடு நிற்கவில்லை. முன்னர்க் கூறிய தந்தையார், பரீட்சைக்கு உதவாத நூலென்றும் வருந்தியிருந்தார். குடியியற் கல்விப் பாடத்தில் ஆட்சி முறைகளை மனனஞ்செய்யும் அவர்தம் பிள்ளை, அரசிக்கும் பாவைக்கும் உள்ள வேறுபாட்டை இக்கதையில் ஒருமுறை கண்டுவிட்டால், அப்பாடம் பின்னர் மறவாது.

நிறைவாக, படுவான்கரை மாணவி ஒருத்தியின் கடிதத்தை முன்வைக்கின்றோம். "ஜீவாவின் பிம்பத்தைக் கும்பிட்ட மக்கள், பிறகு நிலாவையும் அதே கைகளாற் கும்பிட்டார்கள். அரசர் மாறினர், கும்பிட்டவர்கள் எப்போது மாறினார்கள்?" என்று அவள் கேட்டிருக்கின்றாள். இரு பாகங்களிலும் மக்கள் பெரும்பாலும் பெயரில்லாக் கூட்டமாகவே வந்து போகின்றனர். ஆசிரியர் தொடாது விட்ட இடம் அது. அவ்விடத்தைப் பதினாறு வயது நிரம்பாத ஒருத்தி தொட்டுவிட்டாள். அவளது வினாவுக்குரிய விடையை நாமே எழுதிவிட விரும்பவில்லை. இரு நூல்களையும் அடுத்தடுத்துப் படித்து, வீட்டில் பெரியவரும் சிறியவரும் கூடிப் பேசி, விடையெழுதி அனுப்புங்கள். வரும் மாதம் இப்பகுதி உங்கள் விடைகளுக்கே உரியது.