கூன் விழுந்த கணக்கு

ஞாயிற்றுக்கிழமை வண்டியூர்க் கண்மாய்ப் பக்கம் நடந்துவிட்டு கே.கே. நகருக்குள் திரும்பினால், எதிர்வீட்டு அக்கா துண்டுச் சீட்டும் கையுமாக வாசலில் நிற்கிறார். இலவச எலும்பு முகாமாம். குதிகாலை ஒரு பெட்டிக்குள் வைக்கச் சொன்னார்களாம். ரெண்டு நிமிஷத்தில் ‘மைனஸ் 2.7’ என்று சீட்டு வந்திருக்கிறது. பின்னாலேயே ஒரு கால்சியம் பவுடர் டப்பாவும் வந்திருக்கிறது, அது மட்டும் இலவசமில்லை. “தம்பி, மைனஸ்னு போட்டிருக்கே, எலும்பே இல்லாமப் போச்சா?”

துண்டுச் சீட்டுகளோடு எனக்குப் பழைய பகை. எண்ணை அச்சடித்துக் கையில் திணிப்பார்கள். அது என்ன என்று சொல்ல ஒரு ஆள் இருக்காது. ஆகவே அக்காவிடம் சொன்னதை உங்களிடமும் சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இளவயதில் எலும்பு உச்ச வலுவில் இருக்கும். அந்த வயதுச் சராசரியிலிருந்து நாம் எவ்வளவு இறங்கியிருக்கிறோம் என்பதுதான் டி-ஸ்கோர். மைனஸ் 1 வரை பயமில்லை. மைனஸ் 2.5-ஐத் தொட்டாலோ தாண்டினாலோ ஆஸ்டியோபோரோசிஸ், அதாவது எலும்பு வலுவிழக்கும் நோய். நடுவில் இருப்பவர்கள் எச்சரிக்கையாக இருக்க வேண்டியவர்கள். உலக சுகாதார நிறுவனம் 1994-இல் கிழித்த கோடு இது. ஆனால் கோடு கிழித்தது டெக்சா ஸ்கேனுக்கு. படுக்க வைத்து, இடுப்பையும் கீழ்முதுகையும் எக்ஸ்ரே கதிரால் அளப்பது அது. முகாம் பெட்டி குதிகாலை ஒலியலையால் பார்ப்பது. டெக்சா எடுக்கலாமா என்று யோசிக்க அது உதவும். நோய் என்று முடிவு கட்ட உதவாது. காய்கறித் தராசில் தங்கம் நிறுத்துவிட்டு அழக்கூடாது அக்கா என்றேன்.

“நமக்கு இருந்தா வலிக்காதா?” என்றார். முழங்கால் வலியையும் ‘எலும்புத் தேய்மானம்’, ஆஸ்டியோபோரோசிஸையும் ‘எலும்புத் தேய்மானம்’ என்று நாம் ஒரே பெயரில் கூப்பிடுவதால் வந்த வினை. எலும்பு உடைகிற வரைக்கும் ஆஸ்டியோபோரோசிஸ் வலிக்காது. முதுகில் உடைந்தால் கூன் விழும்.

சொல்லும்போதே கூன் பாண்டியன் நினைவுக்கு வந்துவிட்டான். மதுரைக்காரர்களுக்கு நான் கதை சொல்ல வேண்டாம். வைகையில் சம்பந்தர் இட்ட ஏடு எதிரேறிய அன்று, வேந்தன் ஓங்கட்டும் என்று அவர் பாட, கூன் நிமிர்ந்து அவன் நின்றசீர் நெடுமாறன் ஆனான். ஏடு கரை சேர்ந்த திருவேடகம் சோழவந்தானுக்குப் பக்கத்தில் இன்றும் இருக்கிறது. ராஜாவின் கூன், புராணம் ஏறியது.

என் அப்பத்தாவின் கூனை யாரும் ஒரு சங்கதியாகவே எடுத்துக்கொள்ளவில்லை. “வயசாச்சுல்ல” என்றார்கள், முடிந்தது. முதலில் தெரிந்தது முதுகில் அல்ல, சேலையில். எத்தனையோ வருஷமாகக் கட்டிய அதே சுங்குடி, திடீரென்று தரையைக் கூட்ட ஆரம்பித்தது. “தறிக்காரன் அகலத்தைக் கூட்டிப்புட்டான்” என்று அப்பத்தா திட்டும். அப்புறம் உறி எட்டவில்லை. உறியை யாரோ ஏற்றிக் கட்டிவிட்டதாகச் சண்டை. நடுவில் ஒருநாள் குடத்தைத் தூக்கும்போது சுளீரென்றது என்று பத்து நாள் படுக்கை. வாயுப்பிடிப்பு என்று தைலம் தேய்த்தோம்.

பிடிப்பே இல்லை அது. முள்ளெலும்பு ஒன்று முன்பக்கம் நசுங்கியிருக்கிறது. குனிந்து எடுத்தாலே போதும், நசுங்கும். பெரும்பாலும் சத்தமில்லாமல் நசுங்கும். ஒவ்வொன்றாக நசுங்க நசுங்க ஆள் குறுகி முன்னால் வளைகிறார். அடிபடாமல் இப்படி நசுங்கி, வேறு காரணமும் இல்லையென்றால், ஸ்கோர் என்னவாக இருந்தாலும் ஆஸ்டியோபோரோசிஸ்தான். வேடிக்கை என்னவென்றால், நசுங்கிய எலும்பு ஸ்கேனில் அடர்த்தியாகத் தெரியும். இடிந்த சுவரின் செங்கல் குவியல் நெருக்கமாகத் தெரிகிற மாதிரி. முதுகு எண்ணை மட்டும் பார்த்துச் சந்தோஷப்படுகிறவர்கள் இதில்தான் ஏமாறுகிறார்கள்.

இளவயது உயரத்தில் நாலு சென்டிமீட்டர் குறைந்திருந்தால் முதுகை எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கச் சொல்கிறார்கள். இளவயது உயரத்தை யார் எழுதி வைத்திருக்கிறார்கள்? அம்மா ஓய்வுபெற்ற ஆசிரியை என்பது அப்போதுதான் உறைத்தது. பீரோவில் சர்வீஸ் ரிஜிஸ்டர் நகல் இருந்தது. வலது முழங்கையில் ஒரு மச்சம், உயரம் 156.

அம்மாவைக் கதவோரம் நிறுத்தி, தலைக்கு மேல் நோட்டு அட்டையை வைத்துப் பென்சிலால் கோடு போட்டேன். டேப்பில் 151.

மச்சம் அப்படியே இருக்கிறது. அம்மா கோட்டைத் திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “வேலைக்குச் சேர்ந்தப்ப அளந்த கிளார்க்குக்குக் கண்ணு சரியில்லப்பா.”

செவ்வாய்க்கிழமை ஸ்கேனுக்கு நேரம் வாங்கியிருக்கிறேன்.