கொடையும் கடிவாளமும்

கலைக்குப் பொருள் வழங்குவோர் கலைஞனின் வாய்க்கும் உடைமையாளர் ஆகிவிடுவரோ? இவ்வினா கொழும்பு அரங்குகளுக்கு மட்டும் உரியதன்று. பதுளை, பசறை, லுணுகலை, அப்புத்தளைத் தோட்டங்களில் தப்பு முழங்கும் இடந்தோறும் எழ வேண்டிய வினா இது.

மலையகத்தின் காமன் கூத்தை நோக்குக. மாசி அமாவாசைக்குப் பின் காமன் ஊன்றப்படுகிறான், பௌர்ணமியை அண்டி எரிக்கப்படுகிறான், பின்னர் உயிர்ப்பிக்கப்படுகிறான். லயங்கள் யாவும் இதில் பங்கேற்கின்றன. செலவுக்கு வீட்டுக்கு வீடு வரி தண்டப்படுகிறது. ரதியாக ஆடுபவன் மறுநாட் காலையில் மலைக்கு வேலைக்குச் செல்லும் தொழிலாளியே. எந்த அமைச்சும் இதனைத் தோற்றுவிக்கவில்லை. எந்த அமைச்சும் இதனைக் காக்கவுமில்லை.

அரசு கலைக்கெனக் கலைக் கழகச் சட்டத்தை இயற்றியது 1952 இல். அவ்வேளை இம்மக்களின் நிலை யாது? 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலோரை நாடற்றோர் ஆக்கியிருந்தது. 1949 இல் வாக்குரிமையும் பறிபோயிற்று. குடிகளாக எண்ணப்படாதோரின் கூத்து, தேசியக் கலையாக எண்ணப்படாமை வியப்பன்று.

ஆதரவு பிந்தியது, கட்டுப்பாடோ முந்தியே பிறந்தது. குடியேற்ற ஆட்சி 1912 இல் இயற்றிய பொது ஆற்றுகைகள் கட்டளைச் சட்டம், சுதந்திரத்தின் பின்னரும் நாடகப் பிரதிகளை முன்கூட்டியே பரிசீலிக்கும் அதிகாரத்துக்கு அடிப்படையாயிற்று. ஆனால் கூத்தின் உயிர் எழுத்துப் பிரதியில் மட்டும் இல்லை. அன்றிரவின் கூட்டத்தைக் கண்டு கோமாளியின் நாவிற் பிறக்கும் நையாண்டியிலும் அது உள்ளது. பிறவாத சொல்லுக்கு முன்னனுமதி பெறுவது எங்ஙனம்?

தடை வெளிப்படையானது, அதனை எதிர்த்துப் போராடலாம். நிதியின் பிடியோ நுண்ணியது. விழா மேடைக்கென இரவு முழுதும் நிகழும் கூத்து சில நிமிடங்களாகச் சுருக்கப்படும்போது, முதலில் வெட்டுண்பது கங்காணியையும் துரையையும் எள்ளும் பகுதியே. அடுத்த ஆண்டு அதனை எவரும் வெட்ட வேண்டியதில்லை. கலைஞனே அதனை விட்டுவிடுவான். தணிக்கையின் முழு வெற்றி இதுவேயாகும்.

“பணம் கொடுப்பவர் கேள்வி கேட்கலாகாதா?” என்பர் சிலர். கணக்குக் கேட்கலாம், கருத்துக் கேட்கலாகாது. அன்றியும், அப்பணம் எவருடையது? தேயிலை ஏற்றுமதித் தீர்வை பல்லாண்டுகள் திறைசேரியை நிரப்பியது. அக்கொழுந்தைப் பறித்த கைகளுக்கு அதில் ஒரு சிறு கூறு மீளுமாயின் அது கொடையன்று, கடன் தீர்த்தலே.

“அரசின் பணமே வேண்டாம்” என்போரின் தூய்மைவாதமும் பயனற்றது. நாட்கூலியில் வாழ்வோர் தலையில் முழுச் சுமையையும் ஏற்றிவிட்டுச் சுதந்திரத்தைப் புகழ்வது எளிது. அரசு விலகிய இடத்தில் தொழிற்சங்கத் தலைவரும் தோட்டக் கம்பனியும் வந்து அமர்வர். மாலையும் பதாகையும் மாறும், கடிவாளம் மாறாது.

பிரித்தானியக் கலைக் கழகம் 1946 இல் அமைந்தபோது, அரசு நிதியை அளிக்கும், தெரிவைச் செய்யாது என்பதே அதன் கோட்பாடாக இருந்தது. அக்கோட்பாடு ஊவாவுக்கும் பொருந்தும். மாகாண சபை 1988 இல் அமைந்ததேனும், 2019 இல் அதன் பதவிக்காலம் முடிந்தபின் ஆண்டுக்கணக்காகத் தேர்தல் நடைபெறவில்லை. மக்கள் பிரதிநிதிகளற்று ஆளுநரும் அதிகாரிகளும் நிர்வகிக்கையில், கலை நிதிக்கும் ஆட்சியாளருக்கும் இடையே வேலி இருப்பது முன்னெப்போதையினும் இன்றியமையாதது.

அவ்வேலி யாது? நிதிக்குழுவின் பெரும்பான்மையினரைக் கலைஞரே தெரிவு செய்தல். அதில் தோட்டக் கலைஞருக்கு உறுதியான இடம். நிதியைப் பல ஆண்டுகளுக்கு ஒருமித்து வழங்குதல். மறுப்பின் காரணத்தைத் தமிழில் எழுதி வெளியிடுதல். பிரதி முன்தணிக்கையை ஒழித்தல். இவை ஐந்தும் சலுகைகளல்ல, உரிமைகள். இவற்றை ஏற்காது வழங்கப்படும் ஒவ்வொரு ரூபாவும் கூத்தை வாழவைப்பதற்கன்று, அதன் வாயை அடைப்பதற்கே.