சிகரெட் பாக்கெட்டில் இலவசமாக வந்த அட்டைக்கு 72.5 லட்சம் டாலர்: விலையை எழுதுவது யார்?

2022 ஆகஸ்டில் அமெரிக்காவில் ஒரு சின்ன அட்டை 72.5 லட்சம் டாலருக்குக் கைமாறியது. அன்றைய மதிப்பில் 57 கோடி ரூபாய்க்கும் மேல். அட்டையின் அகலம் ஒன்றரை அங்குலம்கூட இல்லை. நிலைமைக்காக அதற்குக் கிடைத்த மதிப்பெண் 10-க்கு வெறும் 2. நூறு வருஷத்துக்கு முன்னால் சிகரெட் பாக்கெட்டுக்குள் சும்மா வந்த பொருள் அது.

அதே வருஷம் மார்ச்சில், அதே ஆட்டக்காரரின் இன்னொரு அட்டை ஏலத்துக்கு வந்தது. பாதியாகக் கிழிந்த அட்டை. மீதிப் பாதியே இல்லை. அதற்கும் 4.75 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்தார்கள்.

'பணக்காரர்களுக்குப் பைத்தியம்' என்று சொல்லிவிட்டு நீங்கள் கடந்து போகலாம். ஆனால் இந்த அட்டையின் பின்னால் ஒரு ஏகபோகம், ஒரு மோசடி, பெரும் பணம் புழங்கும் ஒரு 'மதிப்பெண் தொழில்' மூன்றும் இருக்கின்றன. 'மாற்று முதலீடு' என்ற பெயரில் உங்கள் போனுக்கு விளம்பரம் வரும் காலத்தில், இதைக் கொஞ்சம் உட்கார்ந்து பார்ப்பது நல்லது.

சிகரெட்டோடு அட்டை எதற்கு?

முதலில் அது வெறும் தாங்கல். அந்தக் கால சிகரெட் பாக்கெட் மெல்லிய காகிதம். உள்ளே ஒரு கெட்டி அட்டை இருந்தால்தான் சிகரெட் நசுங்காது. சும்மா இருக்கும் அட்டையில் ஒரு படம் போட்டால் என்ன என்று யாருக்கோ தோன்றியது. நடிகைகள், கொடிகள், பறவைகள், பேஸ்பால் ஆட்டக்காரர்கள் எல்லோரும் அட்டையில் ஏறினார்கள். முழு செட்டும் சேர வேண்டுமென்றால் அதே பிராண்டைத்தான் திரும்பத் திரும்ப வாங்க வேண்டும். இன்றைக்கு ஒரு செயலி உங்களுக்கு 'ரிவார்டு பாயின்ட்' தருவதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

இதைப் பெரிய அளவில் செய்தவர் ஜேம்ஸ் டியூக். சிகரெட் சுருட்டும் பொன்சாக் இயந்திரத்தை 1880-களில் துணிந்து எடுத்து, உற்பத்தியைப் பல மடங்கு ஆக்கியவர். 1890-ல் ஐந்து பெரிய நிறுவனங்களைச் சேர்த்து அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனியை உருவாக்கினார். 1909 முதல் 1911 வரை அந்தக் கம்பெனி 16 பிராண்டுகளின் பெயரில் 500-க்கும் மேற்பட்ட பேஸ்பால் அட்டைகளை வெளியிட்டது. சேகரிப்பாளர்கள் அதை 'டி-206' செட் என்பார்கள். அந்த எண்ணைக் கொடுத்தவர் ஜெஃபர்சன் பர்டிக் என்ற சேகரிப்பாளர். வாழ்நாள் முழுக்கச் சேர்த்த 30,000-க்கும் மேற்பட்ட பேஸ்பால் அட்டைகளை நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்கு இலவசமாகக் கொடுத்துவிட்டுப் போன மனிதர் அவர்.

1911-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்த ஏகபோகத்தை உடைக்கச் சொன்னது. இதில் நமக்கும் ஒரு நூல் ஓடுகிறது. டியூக்கின் கம்பெனியும் பிரிட்டனின் இம்பீரியல் டொபாக்கோவும் 1902-ல் சேர்ந்து தொடங்கியதுதான் பிரிட்டிஷ் அமெரிக்கன் டொபாக்கோ. அதன் வழியாக 1910-ல் கொல்கத்தாவில் பிறந்தது இம்பீரியல் டொபாக்கோ கம்பெனி ஆஃப் இந்தியா. இன்று உங்கள் போர்ட்ஃபோலியோவில் ஐடிசி பங்கு இருந்தால், அது அந்தக் கம்பெனிதான்.

வாக்னர் ஏன் வேண்டாம் என்றார்?

டி-206 செட்டில் மற்ற அட்டைகளில் பெரும்பாலானவை நிறையவே கிடைக்கின்றன. ஹோனஸ் வாக்னரின் அட்டையோ ஏறத்தாழ 50 முதல் 60 தான் மிஞ்சியிருக்கிறது என்று கணக்கு. பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியின் ஷார்ட்ஸ்டாப். 1936-ல் பேஸ்பாலின் புகழ் மன்றத்துக்கு முதன்முதலில் தேர்வான ஐந்து பேரில் ஒருவர். தன் படத்தைப் போட அவர் அனுமதி மறுத்தார். அச்சு பாதியில் நின்றது.

காரணமாகச் சொல்லப்படுவது இரண்டு. சிறுவர்கள் அட்டைக்காக சிகரெட் வாங்கக் கூடாது என்று நினைத்தார் என்பது ஒன்று. பணம் போதவில்லை என்பது இன்னொன்று. வாக்னரே புகையிலை மெல்லும் பழக்கம் உள்ளவர் என்பதால் இரண்டாவதை நம்புகிறவர்கள் உண்டு. ஆனால் 1912-லேயே வந்த ஒரு செய்தி முதல் காரணத்துக்கு வலு சேர்க்கிறது. அனுமதி வாங்கித் தந்தால் 10 டாலர் என்று கம்பெனி ஒரு பிட்ஸ்பர்க் பத்திரிகையாளரிடம் சொல்லியிருந்தது. வாக்னர் மறுத்ததோடு, அந்த நண்பருக்கு நஷ்டம் வரக் கூடாதென்று தன் கையிலிருந்து 10 டாலருக்குக் காசோலை அனுப்பினார். தான் புகையிலை போடுவது வேறு, தன் முகத்தைக் காட்டி ஒரு பையனுக்கு அதை விற்பது வேறு என்று ஒருவர் நினைக்க முடியாதா என்ன? பான் மசாலா விளம்பரத்தில் வரும் நம்மூர் நட்சத்திரங்களிடமும் இதைக் கேட்டுப் பார்க்கலாம்.

கத்தி பட்ட அட்டை

வாக்னர் அட்டைகளிலேயே மிகப் பிரபலமான ஒன்று இருக்கிறது. 1985-ல் பில் மாஸ்ட்ரோ என்ற வியாபாரி ஒரு பங்காளியோடு சேர்ந்து அதை 25,000 டாலருக்கு வாங்கினார். இரண்டே வருஷத்தில் 1.1 லட்சம் டாலருக்கு விற்றார். 1991-ல் ஐஸ் ஹாக்கி வீரர் வெய்ன் கிரெட்ஸ்கியும் அவருடைய அணி உரிமையாளர் புரூஸ் மெக்னாலும் சோத்பீஸ் ஏலத்தில் 4.51 லட்சம் டாலர் கொடுத்து எடுத்தார்கள். பிறகு வால்மார்ட் அதைப் பரிசுப் போட்டிக்கு வைத்தது. ஃப்ளோரிடாவைச் சேர்ந்த ஒரு தபால்துறை ஊழியருக்கு அடித்தது. அவர் விற்றுவிட்டார். 2000-ல் 10 லட்சம் டாலரைத் தாண்டியது. 2007-ல் அரிசோனா டைமண்ட்பேக்ஸ் அணியின் கென் கெண்ட்ரிக் 28 லட்சம் டாலருக்கு வாங்கினார்.

இவ்வளவு விலை ஏறியதற்குக் காரணம், அந்த அட்டை புத்தம் புதுசு போல இருந்ததுதான். பிஎஸ்ஏ என்ற தரநிர்ணய நிறுவனம் 1991-ல் தொடங்கியபோது முதல் எண் கொடுத்துப் பிளாஸ்டிக் பெட்டிக்குள் அடைத்தது இதைத்தான். மதிப்பெண்: 10-க்கு 8.

2013-ல் மாஸ்ட்ரோ நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார்: அட்டையின் ஓரங்களை நறுக்கியது நான்தான்.

இது ஏன் பெரிய விஷயம்? ஓரத்தைச் சீராக வெட்டினால் நைந்த விளிம்பு கூர்மையாகிவிடும். பழைய அட்டை புதுசு போலத் தெரியும். சேகரிப்பு உலகில் அது கலப்படத்துக்குச் சமம். பிஎஸ்ஏ விதிப்படியே வெட்டிய அட்டைக்கு எண் மதிப்பெண் கொடுக்கக் கூடாது. அதாவது அந்தத் தொழில் முழுக்க நம்பி நின்ற முதல் சான்றிதழே தப்பு. மாஸ்ட்ரோவுக்கு 2015-ல் 20 மாதச் சிறை கிடைத்தது. ஆனால் முக்கியமாக அது தன் ஏல நிறுவனத்தில் போலிக் கேட்பாளர்களை வைத்து விலையை ஏற்றிய வழக்குக்காக.

மார்க் போடுபவரே கடைக்காரரானால்?

கொரோனா காலத்தில் வீட்டில் அடைந்து கிடந்த அமெரிக்கர்கள் பரணிலிருந்த அட்டைகளை இறக்கினார்கள். மதிப்பெண் கேட்டு வந்த அட்டைகளைச் சமாளிக்க முடியாமல் 2021 மார்ச்சில் பிஎஸ்ஏ பெரும்பாலான சேவைகளைத் தற்காலிகமாக நிறுத்தியது. அதே வருஷம்தான் அதன் தாய் நிறுவனமான கலெக்டர்ஸை ஒரு முதலீட்டாளர் குழு வாங்கியிருந்தது; ஹெட்ஜ் ஃபண்டு கோடீஸ்வரர் ஸ்டீவ் கோஹனின் நிறுவனம் அதில் ஒன்று.

பிறகு நடந்ததைக் கவனியுங்கள். கலெக்டர்ஸ் 2021-ல் கோல்டின் என்ற பெரிய ஏல நிறுவனத்தை வாங்கியது. மதிப்பெண் போடும் கையும் விற்கும் கையும் ஒரே உடம்பில். 2024-ல் கோல்டினை ஈபேக்குக் கொடுத்தது. ஆனால் அதே 2024-ல் போட்டி நிறுவனமான எஸ்ஜிசியை வாங்கிக்கொண்டது. 72.5 லட்சம் டாலர் அட்டைக்கு 2 மார்க் போட்டது இந்த எஸ்ஜிசிதான். 1911-ல் ஏகபோகம் என்று உடைக்கப்பட்ட கம்பெனியின் அட்டைகளுக்கு, இன்று மதிப்பெண் போடும் வேலை ஒரே கூரையின் கீழ் குவிகிறது.

2008 நிதி நெருக்கடியைப் படித்தவர்களுக்கு இது புதுசில்லை. வீட்டுக்கடன் பத்திரங்களுக்கு 'ஏஏஏ' முத்திரை குத்திய நிறுவனங்களும் முத்திரை கேட்டவர்களிடம்தான் கட்டணம் வாங்கின. அங்கேயாவது பிறகு கண்காணிப்பை இறுக்கினார்கள். அட்டைக்கு அப்படி ஓர் ஆணையம் இல்லை. மார்க் ஒன்று கூடினால் விலை இரட்டிப்பாகும் சந்தையில், பல நேரம் அந்த மார்க்கைத் தீர்மானிப்பது உருப்பெருக்கியோடு உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதரின் சில நிமிஷக் கணிப்பு.

சரி, முதலீடாகப் பார்த்தால்?

கணக்குப் போடுங்கள். 1991-ல் 4.51 லட்சம், 2007-ல் 28 லட்சம். கேட்க ஆறு மடங்கு. 16 வருஷத்துக்கு அது ஆண்டுக்குச் சுமார் 12 சதவீதம், அதாவது எஸ்ஐபி கால்குலேட்டரில் எல்லோரும் ஆசையாகப் போட்டுப் பார்க்கும் அதே 12. அதுவும் உலகத்திலேயே பேர்போன அட்டைக்கு. டிவிடெண்டு கிடையாது. இன்சூரன்ஸ், லாக்கர் செலவு தனி. பெரிய ஏலங்களில் வாங்குபவர் தலையில் 20 சதவீதத்தை ஒட்டிக் கமிஷன் விழும். விற்றால் அமெரிக்காவில் இத்தகைய சேகரிப்புப் பொருட்களின் நீண்டகால லாபத்துக்கு 28 சதவீதம் வரை வரி.

ஒரு அட்டையை ஆயிரம் பங்காக்கிச் செயலியில் விற்கும் வழியும் அமெரிக்காவில் வந்துவிட்டது. இங்கே 2025 நவம்பரில், டிஜிட்டல் தங்கம் தன் கண்காணிப்பின் கீழ் வராது என்று செபி எச்சரித்தது. தங்கத்தையாவது உரைத்துப் பார்க்கலாம். அட்டை, ஸ்னீக்கர், விஸ்கி பாட்டில் என்று 'பங்கு' விற்க யாராவது வந்தால் அவர்களிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: இது அசல் என்று சொன்னது யார், அவருக்குச் சம்பளம் கொடுப்பது யார், நான் விற்க வரும்போது வாங்கப் போவது யார்?

நறுக்கப்பட்ட அந்த வாக்னர் அட்டையின் கதை 2013-லேயே வெளிவந்துவிட்டது. கெண்ட்ரிக் அதை விற்கவில்லை. 8 என்று எழுதிய அதே பெட்டிக்குள்தான் அது இருக்கிறது.