இரண்டு இருக்கைக் கார் ஒரு குற்றமா?

வெளிநாடு சென்ற எமது இளைஞர்களுக்கு நாம் இங்கிருந்து வழங்கும் புத்திமதிகளில் மிகவும் பயனற்றது கார் வாங்குவது பற்றியதாகும். பொரளையில் இருந்து சொன்னாலும் வெள்ளவத்தையில் இருந்து சொன்னாலும் கொட்டாஞ்சேனையில் இருந்து சொன்னாலும் அது ஒரே புத்திமதிதான்: "டொயோட்டா பார், தம்பி. வெள்ளை நிறமாக எடு. ஓட்டோ கியராக இருக்கட்டும். நாளைக்கு விற்றாலும் கை கடிக்காது."

எனது பழைய சக பத்திரிகையாளர் ஒருவரின் மகன் 2022 ஆம் ஆண்டு நெருக்கடிக்குப் பின்னர் ரொறன்ரோவுக்குச் சென்றார். இன்னும் திருமணமாகவில்லை. வேலை நிரந்தரமானதும் பாவித்த மஸ்டா எம்எக்ஸ்-5 ஒன்றை வாங்க விரும்பினார். இரண்டு இருக்கைகள், மடித்து வைக்கக்கூடிய கூரை, கையால் மாற்றும் கியர். இச்செய்தி கொழும்புக்கு எட்டியதும் குடும்பமே அவருக்கு எதிராகத் திரண்டது. கடன் எடுத்தேனும் புதிய பெரிய வாகனம் ஒன்றை வாங்குவதே பொறுப்புள்ள செயல் என்றும், பழைய பந்தயக் கார் வாங்குவது ஊதாரித்தனம் என்றும் தீர்ப்பு வழங்கப்பட்டது. அத்தீர்ப்பு முற்றிலும் தலைகீழானது என்பதே எனது வாதம்.

முதலில் எமது புத்திமதியின் பிறப்பிடத்தைப் பார்ப்போம். இலங்கையில் கார் என்பது போக்குவரத்துச் சாதனம் மட்டுமல்ல, சில்லுகள் பூட்டிய நிலையான வைப்பு. தீர்வைகள் வாகனத்தின் விலையைப் பல மடங்காக்குகின்றன. ரூபா வீழும்போதெல்லாம் பாவித்த காரின் விலை ஏறுகின்றது. 2020 மார்ச்சில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டினால் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு மீண்டும் கதவு திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இடைப்பட்ட ஐந்தாண்டுகளில், பல வருடம் ஓடிய விட்ஸ் காரையும் வேகன் ஆரையும் வாங்கிய விலையிலும் கூடுதலாக விற்றவர்கள் எம்மிடையே தாராளமாக உள்ளனர். இத்தகைய நாட்டில் "விற்றால் என்ன கிடைக்கும்" என்று கேட்பது நியாயமே. வெள்ளை நிறத்துக்கும் டொயோட்டா என்ற பெயருக்கும் இங்கே பணப் பெறுமதி உண்டு.

ஆனால் ரொறன்ரோவிலோ லண்டனிலோ மெல்பேர்ணிலோ இந்த விதி செல்லாது. அங்கே காரின் விலை சாதாரணமாக இறங்கவே செய்யும். அதிலும் அது மிக வேகமாக இறங்குவது புதிய காரின் முதல் சில வருடங்களில்தான். ஒரு கணக்குப் போடுவோம். 45,000 டொலர் கடனில், 7 சதவீத வட்டிக்கு, கனடாவில் இன்று சாதாரணமாகிவிட்ட 84 மாதத் தவணையில் ஒரு வாகனம் வாங்கினால் மாதம் சுமார் 680 டொலர் கட்ட வேண்டும். ஏழு ஆண்டுகளில் கட்டும் மொத்தத் தொகை 57,000 டொலரைத் தாண்டும். அதாவது 12,000 டொலர் வட்டி மட்டும். கடன் தீரும் நாளில் கையில் மிஞ்சுவது ஏழு வயதான வாகனம். மறுபுறம், 8,000 டொலரைக் காசாகக் கொடுத்து ஒரு பழைய காரை வாங்குபவர், மூன்று வருடம் ஓடிய பின் அதனை 6,000 டொலருக்கு விற்றால், பராமரிப்பு நீங்கலாக அவரது நட்டம் 2,000 டொலர். இதில் ஊதாரி யார்?

விழவேண்டிய விலையெல்லாம் முந்திய உரிமையாளரின் காலத்திலேயே விழுந்துவிட்டது. பழைய பந்தயக் காரின் சிக்கனம் இதில்தான் இருக்கின்றது.

எம்எக்ஸ்-5 ஐத் தேர்ந்த இளைஞரின் அறிவையும் நான் மெச்சுகின்றேன். 1989 இல் சிக்காகோ கண்காட்சியில் அறிமுகமான இக்காருக்கு முன்மாதிரியாக இருந்தது 1960களின் பிரித்தானிய லோட்டஸ் எலான். இரண்டுக்கும் அடிப்படை ஒன்றே: பாரம் குறைவாக இருந்தால் சிறிய இயந்திரமே போதும். முதல் மாதிரி ஒரு தொன் எடைகூட இல்லை, அதன் இயந்திரம் வெறும் 1.6 லீற்றர். 2016 இல் பத்து இலட்சமாவது கார் தயாரானது. இத்தனை கார்கள் ஓடுவதால் உதிரிப்பாகம் கிடைக்கும், வேலை தெரிந்த கராஜ்காரரும் கிடைப்பார். பெரிய ஜேர்மன் பெயர் கொண்ட பழைய பந்தயக் காரை மலிவாக வாங்குவது வேறு கதை. வாங்கும் விலைதான் குறையும், பழுதுபார்க்கும் விலை குறையாது.

இருந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கச் சொல்லவில்லை. குளிர் நாடுகளில் வீதிக்குப் போடும் உப்பு இக்காருக்கு எமன். பின்சில்லு வளைவுகளிலும் கதவுக்குக் கீழேயுள்ள தகட்டிலும் துரு பிடித்திருக்கின்றதா என்று காரை உயர்த்திப் பார்க்க வேண்டும். பளபளக்கும் புது வண்ணப்பூச்சு துருவை மறைக்கும் போர்வையாகவும் இருக்கலாம். 2005 க்கு முந்திய மாதிரிகளில் இயந்திரத்தின் டைமிங் பெல்ட் எப்போது மாற்றப்பட்டது என்பதற்குப் பற்றுச்சீட்டுக் கேட்க வேண்டும். பிரித்தானியாவில் ஒரு காரின் வருடாந்தத் தகுதிப் பரிசோதனை வரலாற்றை எவரும் இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். ஒன்ராறியோவில் பாவித்த காரைத் தனிப்பட விற்பவர், அதன் பதிவு விபரங்கள் அடங்கிய அரசாங்கத் தகவல் பொதியை வாங்குபவரிடம் கொடுத்தே ஆகவேண்டும். இவற்றுக்கெல்லாம் முன்னதாகக் காப்புறுதிக் கட்டணத்தைக் கேட்டறிய வேண்டும். இலங்கையில் ஓட்டிய அனுபவத்தைப் பல நிறுவனங்கள் கணக்கில் எடுப்பதில்லை. காரின் விலையை விழுங்கும் கட்டணம் வந்தால் ஒரு வருடம் பொறுப்பதே புத்தி. கைக்குழந்தை உள்ளவருக்கும், ஒரே காரில் நால்வர் போக வேண்டிய குடும்பத்துக்கும் எனது வாதம் பொருந்தாது என்பதையும் ஒப்புக்கொள்கின்றேன்.

"வேகத்தில் அடிபட்டுச் சாகவா?" என்பது அடுத்த கேள்வி. அது நியாயமான அச்சம். 2024 ஏப்ரல் 21 ஆம் திகதி தியத்தலாவை பொக்ஸ் ஹில் பந்தயத்தில் கார் ஒன்று ஓடுபாதையை விட்டு விலகிப் பாய்ந்ததில் எட்டு வயதுச் சிறுமி உட்பட ஏழு பேர் இறந்ததை நாம் மறக்கவில்லை. ஆனால், சாதாரண எம்எக்ஸ்-5 பற்றி அறிந்தவர்கள் அதனை அதிவேகக் கார் என்று சொல்வதில்லை. சட்டம் அனுமதிக்கும் வேகத்திலேயே, ஒரு வளைவில் கியரை மாற்றித் திருப்பும்போது, கை செய்வதைக் கார் உணர்ந்துகொள்ளும் இன்பம்தான் அதன் சிறப்பு. எமது பெருமைக்காக வாங்கப்படும் இரண்டு தொன் வாகனங்கள் பலவற்றின் இயந்திரம் அதைவிட வலியது. அவற்றை வாங்கும்போது எவரும் சாவைப் பற்றிப் பேசுவதில்லை.

உண்மையான எதிர்ப்பு பணத்தைப் பற்றியதோ பாதுகாப்பைப் பற்றியதோ அல்ல. கோயில் வாகனத் தரிப்பிடத்தில் மற்றவர் என்ன நினைப்பார் என்பதே கவலை. அதற்கும் அடியில் வேறொன்று கிடக்கின்றது. 1983 ஜூலை 24 ஆம் திகதி இரவு, நான் வாழும் இதே பொரளையில், கனத்தை மயானத்தில் இருந்து புறப்பட்ட வன்முறை நகரெங்கும் பரவியபோது, வீதியில் வாகனங்கள் மறிக்கப்பட்டு எரிக்கப்பட்டன. வீடும் காரும் கடையும் ஓரிரு நாளில் சாம்பலாவதைக் கண்டவர்கள் கனடாவுக்கும் பிரித்தானியாவுக்கும் சென்று, இரண்டு வேலை பார்த்து, ஒரு சதத்தையும் வீணாக்காமல் வாழ்ந்தனர். அந்தச் சிக்கனத்தின் முன் நான் தலைவணங்குகின்றேன். ஆனால் அது அடுத்த தலைமுறைக்கு வந்து சேரும்போது வேறொன்றாகத் திரிந்துவிட்டது. சிக்கனம் கடனாகியது. தன்னடக்கம் ஊருக்குக் காட்டும் பெருமையாகியது. மகிழ்ச்சி மட்டும் அன்று போலவே இன்றும் குற்றமாக இருக்கின்றது. தங்கையின் திருமணத்துக்குப் பிறகு, வீட்டுக்கடன் தீர்ந்த பிறகு, பிள்ளைகள் படித்து முடிந்த பிறகு என்று அது தள்ளிக்கொண்டே போகின்றது.

2025 ஜனவரியில் நடிகர் அஜித்குமாரின் அணி துபாய் 24 மணிநேரப் பந்தயத்தில் தனது பிரிவில் மூன்றாம் இடம் பெற்றபோது கொண்டாடியவர்கள் நாமே. ஐம்பது வயது கடந்த ஒருவர் தான் விரும்பியதைச் செய்தார் என்று புகழ்ந்தோம். அதே வாயால் இருபத்தெட்டு வயதுப் பையனிடம், சொந்தச் சம்பாத்தியத்தில், கடனின்றி, அரைப் பிறவி ஓடிய சின்னக் கார் வாங்காதே என்கின்றோம்.

2022 இல் எரிபொருள் வரிசையில் நாட்கணக்கில் நின்ற தலைமுறை அது. ஜூன் மாத இறுதியில் தனியார் வாகனங்களுக்கு எரிபொருளே இல்லை என்று அரசாங்கம் அறிவித்ததையும் கண்ட தலைமுறை. முழுத் தாங்கி பெற்றோலும் வெறிச்சோடிய ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையும் எவ்வளவு பெறுமதியானவை என்று அவர்களுக்கு நாம் கற்பிக்க வேண்டியதில்லை.

ஆகவே பெற்றோரிடமும் பெரியப்பா சித்தப்பாமாரிடமும் எனது வேண்டுகோள் இதுதான். பிள்ளை அடுத்த முறை அழைக்கும்போது நிறத்தைப் பற்றிப் பேசாதீர்கள். கடன் எடுக்கின்றாயா, துரு பார்த்தாயா, காப்புறுதி எவ்வளவு என்ற மூன்று கேள்விகளை மட்டும் கேளுங்கள். மூன்றுக்கும் நல்ல பதில் கிடைத்தால், வாங்கிக்கொள் என்று சொல்லித் தொலைபேசியை வையுங்கள்.