கணினியும் ஓர் அமானிதம்

எங்கள் வாப்பாவுக்குப் புடவைக் கடை. துணி அளக்கும்போது மீற்றர் முடிகிற இடத்தில் அவர் கத்தரிக்கோலை வைக்கமாட்டார். இரண்டு விரல் தள்ளித்தான் வெட்டுவார். "குறஞ்சு போனா மறுமையில நாமதான் பதில் சொல்லணும் மகள்" என்பார். மீதிக் காசில் ஐந்து ரூபாய் கூடுதலாக வந்துவிட்டாலும் ஆளைத் தேடிக் கொடுத்தனுப்புவார். அப்படிப்பட்டவரின் மேசையில், அவர் அறியாமலே, உரியவரிடம் கேட்காமல் எடுத்த ஒரு பொருள் நான்கு வருடங்களாக இருந்தது. எங்கள் வீட்டு மடிக்கணினியில் இருந்த விண்டோஸைத்தான் சொல்கிறேன்.

2021 இல் பாடசாலைகள் பூட்டிக் கிடந்தபோது, இணையவழி வகுப்புகளுக்காக வாப்பா அதைப் பாவித்த பொருளாக வாங்கித் தந்தார். பின்னர் கடைக் கணக்கும் அதிலேதான். சென்ற வருடம் அது ஆமைபோல் நகரத் தொடங்கியதும் திருத்தும் கடைக்குக் கொண்டுபோனோம். "ஃபோமட் அடிச்சு விண்டோஸ் புதுசாப் போட்டுத் தாறன்" என்றார் கடைக்காரத் தம்பி. உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் படிக்கும் நான், அந்த வாரம்தான் மென்பொருள் உரிமம் பற்றிப் படித்திருந்தேன். வாய் சும்மா இருக்கவில்லை. "லைசன்ஸோடவா?" என்று கேட்டுவிட்டேன். அவர் சிரித்தார். "கிரெக்தான் தங்கச்சி. இந்த ஊர்ல ஆரு காசு குடுத்துப் போடுற?"

வீடு திரும்பும்போது, "கிரெக் என்டா என்ன மகள்?" என்று வாப்பா கேட்டார். பூட்டை உடைத்துத் திறப்பது மாதிரி என்று சொன்னேன். அதன்பிறகு வீடு வரும் வரைக்கும் அவர் ஒன்றும் பேசவில்லை.

மார்க்கத் தீர்ப்புச் சொல்ல நான் ஆலிமா அல்ல. யாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதும் என் நோக்கமல்ல. ஆனால் ஒரு கேள்வி என்னை விடவில்லை. அடுத்த வீட்டு மாங்காயைக் கேட்காமல் பறிக்காதே என்று வளர்க்கப்பட்ட நாங்கள், கண்ணுக்குத் தெரியாத பொருள் என்றால் மட்டும் ஏன் கேட்காமல் எடுக்கிறோம்? "எல்லோரும் செய்கிறார்கள்" என்பது நாங்கள் பரீட்சை மண்டபத்தில் ஏற்றுக்கொள்ளாத பதில். வீட்டில் மட்டும் அதை எப்படி ஏற்றுக்கொள்வது?

காசு கொடுத்து வாங்கலாம் என்றுதான் முதலில் நினைத்தோம். ஆனால் விண்டோஸ் 10 இற்கான வழமையான ஆதரவை 2025 ஒக்டோபர் 14 உடன் மைக்ரோசொஃப்ட் நிறுத்தியது. விண்டோஸ் 11 இற்கு எங்கள் மடிக்கணினியின் செயலி பழையது. அது கேட்கும் பாதுகாப்புச் சில்லும் இதில் இல்லை. புதிய மடிக்கணினி வாங்கும் காலமும் இதுவல்ல. அப்போதுதான் பாடப் புத்தகத்தில் பணிசெயல் முறைமைகளுக்கான உதாரணங்களில் ஒன்றாக மனனம் செய்திருந்த 'லினக்ஸ்' என்ற சொல் நினைவுக்கு வந்தது. புள்ளி எடுப்பதற்காகப் படித்த ஒரு சொல் வீட்டுக்கு உதவும் என்று நான் நினைத்ததே இல்லை.

1983 இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்ற அமெரிக்கர், எவரும் பாவிக்கவும், படித்துப் பார்க்கவும், திருத்தவும், பிறருக்குப் பகிரவும் கூடிய ஒரு பணிசெயல் முறைமையை உருவாக்கப்போவதாக அறிவித்தார். அதன் பெயர் ஜிஎன்யூ. 1991 இல் ஹெல்சின்கிப் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த 21 வயது மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், பணிசெயல் முறைமையின் கருவாகிய பகுதியைப் பொழுதுபோக்காக எழுதி வெளியிட்டார். அடுத்த வருடமே அதை ஜிஎன்யூ பொது உரிமத்தின் கீழ் விட்டார். இன்று எங்கள் கைகளில் இருக்கும் அண்ட்ரோய்ட் தொலைபேசிகளின் உள்ளே இருப்பதும் அந்தக் கருதான். 2017 நவம்பரிலிருந்து உலகின் முதல் 500 மீக்கணினிகள் அனைத்தும் லினக்ஸில்தான் இயங்குகின்றன.

இலவசம் என்பது இதில் சின்ன விடயம்தான். இதை எழுதியவர்களே "எடுத்துக்கொள், பிரதி எடு, உன் தோழிக்கும் கொடு" என்று எழுத்தில் அனுமதி தந்திருக்கிறார்கள் என்பதே எனக்குப் பெரிதாகப்பட்டது. உரியவரின் சம்மதத்தோடு எடுத்த பொருளைப் பாவிக்கும்போது மனதுக்கு வரும் நிம்மதி வேறு.

லினக்ஸில் பல வகைகள் உண்டு. ஆரம்பப் பாவனையாளருக்கு ஏற்றதென்று எங்கள் ஆசிரியை சொன்ன லினக்ஸ் மின்ட்டைத் தெரிவு செய்தேன். அதன் பதிப்புகளுக்குப் பெண்களின் பெயர்களையே வைக்கிறார்கள். முதல் பதிப்பின் பெயர் ஏடா. எனக்குக் கிடைத்த 22.2 ஆம் பதிப்பின் பெயர் ஸாரா! எங்கள் வகுப்பில் உட்கார்ந்திருக்க வேண்டிய பெயர். 2 ஜிபி நினைவகமே அதற்குப் போதும், 4 ஜிபி இருந்தால் நல்லது என்கிறார்கள். எங்களிடம் 4 இருந்தது.

ஏறத்தாழ 3 ஜிபி கொண்ட அந்தக் கோப்பைத் தரவிறக்க இரண்டு இரவுகள் எடுத்தன. பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே கணினியை இயக்கினேன். வன்தட்டில் எதையும் மாற்றாமல் முதலில் ஓட்டிப் பார்க்கலாம் என்பது லினக்ஸின் பெரிய வசதி. துணியை விரித்துப் பார்த்துவிட்டு வாங்குவது போல. மூன்று நாட்கள் அப்படியே பாவித்துப் பார்த்தேன்.

"கைய வெக்காத புள்ள, காக்கா வரட்டும்" என்றார் உம்மா. காக்காவுக்கும் இது தெரியாது என்பது உம்மாவுக்குத் தெரியாது. எங்கள் வீடுகளில் இது வழமை. மின்குமிழ் மாற்றுவதிலிருந்து கணினி வரைக்கும், ஆண்பிள்ளை பழுதாக்கினால் அது பழகுதல். பெண்பிள்ளை தொட்டாலே அது பழுதாக்குதல். வாப்பாதான், "அவள் செய்யட்டும்" என்றார். பிஸ்மில்லாஹ் சொல்லி நிறுவும் பொத்தானை அழுத்தினேன்.

என் பிழையையும் மறைக்காமல் எழுதவேண்டும். வாப்பாவின் கணக்குகளையும் குடும்பப் படங்களையும் கவனமாக வேறோர் இடத்தில் பிரதி எடுத்திருந்தேன். முகப்புத் திரையில் கிடந்த என் சொந்தப் புவியியல் குறிப்புகளை மறந்துவிட்டேன். ஒரு தவணை உழைப்பு அரை மணித்தியாலத்தில் இல்லாமற்போனது. அன்றிரவு அழுதேன். லினக்ஸுக்கு மாற விரும்பும் தோழியருக்கு நான் சொல்லும் முதல் அறிவுரை அதுதான்: எல்லாவற்றையும் பிரதி எடுங்கள், பிறகு இன்னொரு முறை சரி பாருங்கள்.

வைஃபையும் முதல் நாள் வேலை செய்யவில்லை. தொலைபேசியைக் கம்பியால் இணைத்து இணையம் எடுத்து, உரிய இயக்கியை நிறுவியதும் சரியாயிற்று. அதற்கு ஒரு பின்னேரம் முழுவதும் போனது. ஆனால் வைஃபை எப்படி வேலை செய்கிறது என்று என் வாழ்க்கையில் முதன்முதலாக அன்றுதான் யோசித்தேன்.

ஆகப் பெரிய அதிர்ச்சி தமிழில்தான் வந்தது. தோழி ஒருத்தி இந்தச் சஞ்சிகைக்காகத் தட்டச்சு செய்த கட்டுரையைத் திறந்தேன். திரை முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பை. "ஸாராவுக்குத் தமிழ் தெரியாதாம்" என்று காக்கா கேலி செய்தார். மறுநாள் ஆசிரியை விளக்கியபோதுதான் உண்மை புரிந்தது. அந்தக் கட்டுரை பாமினி எழுத்துருவில் இருந்தது. பாமினியில் நாங்கள் அடிக்கும்போது கணினிக்குள் பதிவாவது ஆங்கில எழுத்துகளே. அவற்றின் மேல் தமிழ் உருவங்களை அணிவிப்பதுதான் எழுத்துருவின் வேலை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் சட்டை கழன்று விழுகிறது. யூனிகோட் முறையிலோ தமிழ் எழுத்துகளுக்கென்றே சொந்த இலக்கங்கள் உண்டு. 'அ' என்றால் 2949. ஹெல்சின்கியிலும் அதுதான், கல்முனையிலும் அதுதான்.

பாமினியை லினக்ஸிலும் நிறுவலாம். அன்று அப்படித்தான் சமாளித்தேன். ஆனால் விண்டோஸில் இருந்தவரை எனக்குத் தெரியாமலே போயிருக்கும் ஒரு குறையை இந்த மாற்றம் காட்டித் தந்தது. இன்னும் இருபது வருடம் கழித்து எங்கள் கட்டுரைகளை யாராவது திறந்தால் தமிழ் தெரியவேண்டுமா, குப்பை தெரியவேண்டுமா? இந்தக் கட்டுரையை ரெங்கநாதன் விசைப்பலகையில், யூனிகோட்டில் அடித்திருக்கிறேன். விரல்கள் பழக ஒரு வாரம் ஆனது.

எல்லாம் இனித்தது என்று சொல்லமாட்டேன். ஃபோட்டோஷொப் இதில் நேரடியாக ஓடாது. மைக்ரோசொஃப்ட் வேர்டில் செய்த சில ஆவணங்களை லிப்ரே ஒஃபிஸில் திறக்கும்போது அட்டவணைகள் கொஞ்சம் இடம்பெயர்கின்றன. தொழிலுக்கு விண்டோஸ்தான் கட்டாயம் என்றால் அதை வாங்கிப் பாவிப்பதில் எந்தக் குறையும் இல்லை. மென்பொருள் எழுதுவதும் ஒருவரின் உழைப்பு. அதற்குரிய கூலியைக் கொடுப்பதும் நேர்மைதான். நான் எதிர்ப்பது விண்டோஸை அல்ல, பூட்டை உடைப்பதை.

"இதெல்லாம் வெள்ளைக்காரர் செய்து தருவது, நாங்கள் பாவிக்க மட்டும்தானே?" என்று தோழி ஒருத்தி கேட்டாள். அவளுக்குச் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன். 2004 டிசம்பர் 26 ஆம் திகதி கடல் வந்தபோது நாங்கள் பிறந்திருக்கவில்லை. ஆனால் மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் அந்த நாளைச் சொல்லி அழாத வீடு குறைவு. யார் காணாமற்போனார், யார் எந்த முகாமில் இருக்கிறார், எங்கே என்ன நிவாரணம் தேவை என்று ஒழுங்குபடுத்த, அந்த நாட்களிலேயே இலங்கையின் மென்பொருள் தொண்டர்கள் ஒன்றுகூடி 'சஹன' என்ற திறந்த மூல மென்பொருளை எழுதினார்கள். சஹன என்றால் சிங்களத்தில் நிவாரணம். அதைப் பூட்டி வைத்து விற்கவில்லை. அதனால் 2005 இல் பாகிஸ்தானில் பூமி அதிர்ந்தபோது அங்கும் அது உதவியது. 2006 இல் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் சமூக நலனுக்கான விருதும் அதற்குக் கிடைத்தது. எங்கள் கண்ணீரிலிருந்து பிறந்த ஒரு பொருளை உலகத்துக்குக் கொடையாகக் கொடுத்த நாடு இது. நாங்கள் எடுப்பவர்கள் மட்டுமல்ல, கொடுக்கவும் கூடியவர்கள்.

பெற்றோர்களிடம் எனக்கு இரண்டு வேண்டுகோள்கள். வீட்டுக் கணினியில் இருப்பது எப்படி வந்தது என்று ஒரு முறை கேட்டுப் பாருங்கள். அதைத் திறந்து பழக உங்கள் மகளுக்கும் இடம் கொடுங்கள். பழுதானால் திருத்தலாம், பயம் பழகிவிட்டால் திருத்துவது கஷ்டம். எங்கள் கல்லூரியிடம் ஒரு வேண்டுகோள்: கணினி அறையில் ஒரேயொரு பழைய கணினியிலாவது லினக்ஸை நிறுவி, எங்களைத் தொட விடுங்கள். தோழியருக்கு: ஒரு பென் டிரைவும் ஒரு விடுமுறை நாளும் போதும். உதவி வேண்டுமென்றால் இடைவேளையில் என்னிடம் வாருங்கள். குறிப்புகளைப் பிரதி எடுத்துவிட்டு வாருங்கள்.

இப்போது வாப்பா கடைக் கணக்கை ஸாராவில்தான் பார்க்கிறார். "ஸாரா எழும்பிட்டாளா?" என்று உம்மா காலையில் கேட்பதும் வழமையாகிவிட்டது. போன வாரம் பக்கத்துக் கடை மாமா எட்டிப் பார்த்து, "என்ன இது, புது விண்டோஸா?" என்று கேட்டார்.

"இல்ல, இது வேற. மகள் போட்டது" என்றார் வாப்பா. கொஞ்சம் பொறுத்து, "களவில்ல" என்று சேர்த்துக்கொண்டார்.