துளிக்கணக்கு

அன்பு ஒன்றிருந்தாற் போதும், வளர்க்கும் உயிர் தானே தழைக்கும் என்று நம்புவோர் நம்மிடையே பலர். நானும் அவர்களுள் ஒருவனாகவே இருந்தேன். என் தமக்கையின் மகன் வீட்டுக் கூடத்திலுள்ள கண்ணாடித் தொட்டியே என் எண்ணத்தை மாற்றியது.

கல்லடியில், வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட நிலத்தில் இருக்கிறது அவன் வீடு. தொட்டியிலே கடல்நீர், அதனுள் சில சிறு மீன்கள், நத்தைகள், குழாய்ப்புழுக்கள், கல்லின்மேல் ஊதா நிறத்திற் படர்ந்த சுண்ணாம்புப் பாசி. சென்ற மாரியிலே கடல் கொந்தளித்தமையால், வாசலண்டை கிடந்த வாவிநீரையே முகந்து ஊற்றிவந்தான். உப்புநீர்தானே என்பது அவன் எண்ணம். சில வாரங்களில் நத்தை ஓடுகள் மங்கின, பாசி வெளிறியது.

பின்னர் ஒருநாள் சோதனைப் புட்டிகளோடு என்னை அழைத்தான். 5 மில்லிலீற்றர் நீரிலே முதலில் காரத் துளிகளை விட்டு, நிறங்காட்டியைக் கலந்தான், நீர் இளஞ்சிவப்பாயிற்று. அடுத்து மற்றொரு கரைசலைத் துளித்துளியாக விட்டபடி, “எண்ணுங்க மாமா” என்றான். பதின்மூன்றாம் துளியில் நீர் நீலமாயிற்று. ஒரு துளிக்கு 20 மில்லிகிராம் எனக் கணக்கிட்டால், லீற்றருக்கு 260 மில்லிகிராம் கல்சியம். திறந்த கடலிலோ அது 400 மில்லிகிராமுக்குச் சற்று மேல் இருக்கும்.

காரணம் எளிது. மாரி வெள்ளம் வயல்களையும் ஆறுகளையும் கடந்து வாவியை நிரப்பும்போது உப்பும் கல்சியமும் ஒருங்கே ஐதாகின்றன. நத்தையும் பாசியும் முருகையுமோ, நீரிலுள்ள கல்சியத்தையும் காபனேற்றையும் சேர்த்தே தம் உடற்கூட்டைக் கட்டுகின்றன. அவை எடுப்பது கடலுக்குக் குறையாகத் தெரியாது. சிறு தொட்டியிலோ எடுத்தது எடுத்ததுதான். மனிதன் திருப்பி இட்டாலன்றி வேறு வழியில்லை. எவ்வளவு இடுவது என்பதை அன்பு சொல்லாது, துளிக்கணக்கே சொல்லும். அளவறியாது வளர்ப்பவன் அன்பின் பெயரால் உயிர்களைப் பட்டினி போடுகிறான்.

மருமகன் தவற்றை உணர்ந்தான். கடல்நீரை மாற்றினான், இப்போது தெளிந்த சுண்ணாம்பு நீரை இரவில் மெல்லமெல்லச் சொட்டவிட்டு அளவைக் காக்கிறான். தொட்டி தேறியதும் அவனுக்கு ஓர் ஆசை பிறந்தது: “காயாங்கேணியிலிருந்து ஒரு சிறு முருகைத் துண்டு கொண்டுவந்தால் என்ன மாமா?”

கூடாது என்றேன். உயிருள்ள முருகையைப் பெயர்த்தெடுப்பது சட்டப்படி குற்றம் என்பது ஒருபுறமிருக்க, நம் கரையின் பழங்கணக்கையும் எண்ணிப் பார்க்க வேண்டும். சுவருக்கு வெள்ளை பூசவும் கட்டடம் கட்டவும் முருகைக்கல்லைச் சூளையில் இட்டுச் சுண்ணாம்பாக்கிய தலைமுறைகள் நமக்கு முன் இருந்தன. 1988இல் திருத்தப்பட்ட கரையோரப் பாதுகாப்புச் சட்டம் அகழ்வைத் தடுத்தது. பத்தாண்டு கழித்து, 1998இல், கடல்நீர் அளவுக்கு மீறிச் சூடேற, பாசிக்குடாவின் முருகைகள் வெளிறி மடிந்தன. எஞ்சியதைக் காக்கவே 2019இல் காயாங்கேணி கடற்சரணாலயமாக்கப்பட்டது. அன்று கடலின் முருகையை எரித்துச் சுண்ணாம்பு கண்டோம். இன்று தொட்டியில் முருகை வளர்க்கச் சுண்ணாம்பு தேடுகிறோம். இரண்டிலும் இழப்பது கடலே.

ஒரு துண்டினால் கடல் குறைந்துவிடுமா என்று கேட்கலாம். தொட்டியின் குறையைத் துளியால் அளந்து, துளியால் நிரப்பலாம். கடலுக்குக் கல்சியத்தில் குறைவில்லை. அதன் நோய் வெப்பமும், நாம் எரிக்கும் எரிபொருளின் கரியமில வாயுவும். அந்த வாயு கரையக் கரைய, கல்சியம் நிறைந்திருந்தும் முருகைக்குக் காபனேற்று அரிதாகிறது. அதனைத் தீர்க்கும் புட்டி எந்தக் கடையிலும் இல்லை. தேற்ற வழியறியாத நோயாளியின் மேனியிலிருந்து அழகுக்காக ஒரு துண்டு அறுப்பது எவ்வகை நியாயம்?

மருமகன் ஆசையைக் கைவிட்டான். ஞாயிறுதோறும் துளி எண்ணுகிறான். சென்ற வாரம் இருபத்தொன்று வந்தது. முருகையைக் காண விரும்பும்போது, வெயிற்காலத்தில் கடல் தெளிந்திருக்கையில், காயாங்கேணிக்குச் சென்று, கையால் தொடாமல் கண்ணாற் கண்டு திரும்புகிறான். தொட்டி வைத்திருக்கும் பிறரும் அவ்வாறே செய்தால் நன்று.